முதலைக்குப் போட்ட காப்பு

பல் டாக்டரிடம் வரும் குழந்தைகள் வாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திறப்பார்கள். கதவைத் திறந்துகொண்டு ஓடுவார்கள், மேசை இழுப்பறையைத் திறந்து குறடுகளை எண்ணுவார்கள், குழாயைத் திறந்து அறையை நனைப்பார்கள். வாயை மட்டும் ஏதோ பெட்டகத்தைப் பூட்டியதுபோல இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பூட்டைத் திறப்பதுதான் பஞ்சக்காவின் வேலை.

அவள் டாக்டரின் உதவியாளர். பல் பிடுங்கிய குழியில் பஞ்சு வைத்து, "கடிச்சுக்கோ, பேசாதே" என்று சொல்லி அனுப்புவது அவள்தான் என்பதால் பஞ்சக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை பல் குடையும் மெஷின் பழுதாகி டாக்டர் ஊரில் இல்லாத சமயம், மிச்சமிருந்த கதவுப் பெயின்டை எடுத்து, நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஒரு முதலை வரைந்தாள். பல்வலி வந்த முதலை. தாடையைச் சுற்றித் துணிக்கட்டு, உச்சந்தலையில் முயல் காது மாதிரி முடிச்சு, ஒரு கண்ணில் மட்டும் நீர். பிரஷ் வழுக்கியதில் ஒரு காலுக்கு நகம் ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டது. அதையும் அப்படியே விட்டுவிட்டாள்.

வேலை நடந்தது. "இவ்வளவு பெரிய முதலையே டாக்டர் சொன்னா வாயைத் திறக்குது, நீ திறக்கமாட்டியா?" என்றால் குழந்தைகள் முதலையைப் பார்த்தபடியே திறந்துவிடுவார்கள். டாக்டருக்கு மகிழ்ச்சி. பஞ்சக்காவுக்கு அதைவிட.

பிறகு ஒருநாள் கடைத்தெருவில் அவள் அந்த முதலையைப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பைகளின் மேல் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதே துணிக்கட்டு, அதே ஒற்றைக் கண்ணீர், அதே கூடுதல் நகம். கடைக்காரர் மகனுக்கு அவள்தான் போன மாதம் பஞ்சு வைத்து அனுப்பியிருந்தாள்.

"ஊரே உன் படத்தை முதுகுல சுமக்குது. சந்தோஷப்படேன்" என்றார் கணவர். லேத் பட்டறையில் வேலை செய்கிற அவருக்கு எதையும் கடைந்து சின்னதாக்கிவிடத் தெரியும்.

"சந்தோஷம்தாங்க. ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"அப்ப அவர்கிட்டயே போய்ச் சொல்லு."

பஞ்சக்காவுக்குக் கூச்சம். மறுநாள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு, "இதுக்கெல்லாம் சட்டம் இருக்கும்மா. படைப்புக் காப்புத் துறைன்னு பெரிய ஆபீஸே இருக்கு. ஆணையருக்கு நான்தான் கடைவாய்ப் பல்லு கட்டினேன். என் பேரைச் சொல்லு" என்றார்.

அவள் போனாள். அதுதான் அவள் செய்த தப்பு என்று பிற்பாடு பல பேர் சொன்னார்கள். பல் இருந்தவர்கள் தெளிவாகச் சொன்னார்கள்.

துறையின் வாசலில் சோதனை நடந்தது. அவளுக்கு முன்னால் நின்றவரைக் காவலர் தடவிப் பார்த்துவிட்டு, "மனசுல ஏதாவது பாட்டு ஓடுதா?" என்று கேட்டார். அந்த மனிதர் நாணயமானவர். "லேசா ஓடுதுங்க" என்றார்.

"யாரு பாட்டு?"

"தெரியலைங்க. காலையில டீக்கடையில கேட்டது."

அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். துணி துவைக்கும் சத்தம்போல ஏதோ கேட்டது. திரும்பி வந்தபோது அவர் சட்டையில் ஒரு கைதான் இருந்தது. "இப்ப ஓடலைங்க" என்று அவராகவே சொன்னார். அவரை உள்ளே விட்டார்கள். பஞ்சக்கா தன் மனசைத் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

ஆணையர் அன்பானவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கதையை முழுக்கக் கேட்டார். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டைப்பையில் 'விளக்க உதவியாளர்' என்று எழுதிய அட்டை குத்தியிருந்தது.

"முதல்ல சட்டத்தைப் புரிஞ்சுக்கணும்மா" என்றார் ஆணையர். "பல்வலி வந்த முதலைங்கிறது வெறும் எண்ணம். எண்ணத்துக்குக் காப்பு கிடையாது. அதை நீங்க கோடு கோடா இழுத்தீங்களே, அந்த வெளிப்பாட்டுக்குத்தான் காப்பு. வித்தியாசம் புரியுதா?"

"சரியாப் புரியலைங்க."

"இப்ப இந்த ஆளை அறையணும்னு எனக்குத் தோணுது. இது எண்ணம்." ஆணையர் எழுந்து விளக்க உதவியாளரின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் குலுங்கியது. "இது வெளிப்பாடு. சட்டம் இதைத்தான் காக்கும். இன்னொரு தரம் காட்டவா?"

விளக்க உதவியாளர் முன்யோசனையாக மறுபக்கம் திரும்பி நின்றார்.

"வேண்டாங்க, புரிஞ்சுடுச்சு" என்று பஞ்சக்கா அவசரமாகச் சொன்னாள். "படத்தைப் பதியணுங்களா?"

"பதிவு வெறும் சாட்சிக்குத்தான். நீங்க வரைஞ்ச நிமிஷமே காப்பு வந்தாச்சு. உங்களுக்கே தெரியாம நீங்க காக்கப்பட்டிருக்கீங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்."

"இனிமே தெரியும்." ஆணையர் மணியை அழுத்தினார்.

"சார், அவரைக் கூப்பிட்டு, 'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே'ன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"கேட்கிறது, சொல்றது இதெல்லாம் பலவீனமானவங்க செய்யறதும்மா. அதுக்குத் துறை எதுக்கு?"

காப்புப் படையின் தலைவர் மரியாதை தெரிந்த மனிதர். வண்டியில் பஞ்சக்காவுக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார். பைக்கடைக்கு முன்னால் இறங்கியதும், "இதுதானே அம்மா உங்க முதலை?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தெறிக்கும்."

அவள் பைகள்தான் தெறிக்கும் என்று நினைத்தாள். படையினர் பைகளைக் கிழித்தார்கள், கண்ணாடி அலமாரியை உடைத்தார்கள், பிறகு கடைக்காரரின் கையைக் கல்லாப் பெட்டியின் விளிம்பில் வைத்து, ஒருவர் அதன்மேல் உட்கார்ந்தார். காய்ந்த குச்சி ஒடிவதுபோலச் சத்தம் வந்தது. கடைக்காரர் கத்தவில்லை. வியப்போடு பஞ்சக்காவைப் பார்த்தார்.

"அக்கா... நீங்க வரைஞ்சதா? பையன் பிடிச்சிருக்குன்னு சொன்னான்... ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பேனே."

"நானும் அதைச் சொல்லத்தாங்க..." என்று ஆரம்பித்தவள் குனிந்து கிழிந்த பைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"படைப்பாளிக்கு உணர்ச்சி அதிகம்" என்று படைத்தலைவர் தன் ஆட்களுக்கு விளக்கினார்.

அதோடு முடிந்திருக்கும் என்று நினைத்தால் துறையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற வழக்கம் அங்கே இல்லை. ஒரு லாரி டிரைவர், தன் மகளுக்குப் பிடிக்கும் என்று அந்த முதலையைத் தோளில் பச்சை குத்திக்கொண்டிருந்தார். நகல்களை அழிக்கவேண்டும் என்பது விதி. மரச்சாமான் தேய்க்கிற உப்புத்தாளை வைத்துத் தேய்த்து அழித்தார்கள். "நகலை மட்டுந்தான் எடுத்தோம். தோளு அவரோடதுதான், அப்படியே இருக்கு" என்று படைத்தலைவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

அதற்கடுத்த வாரம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர் பிடிபட்டார். அவருக்குப் பொன்னுக்குவீங்கி. தாடையைச் சுற்றித் துணி கட்டி, உச்சியில் முடிச்சுப் போட்டிருந்தார்.

"எனக்கு வீங்கியிருக்குப்பா!"

"முதலைக்கும் வீங்கியிருக்கு" என்றார்கள் படையினர்.

அடித்ததில் அவருக்கு முன்பற்கள் விழுந்தன, ஒரு கண்ணில் நீர் வழிந்தது. இப்போது அவர் முதலையை முன்பைவிட நெருக்கமாக ஒத்திருந்தார். அது தனிக் குற்றம். மறுபடியும் அடித்தார்கள்.

இவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் பல் டாக்டரின் அறை. டாக்டருக்கு நிற்க நேரமில்லை. "நல்ல சட்டம்மா" என்று கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார். "இவ்வளவு நாளா இது எங்க இருந்துச்சுன்னே தெரியலை." பஞ்சக்கா கிண்ணம் கிண்ணமாக ரத்தத்தைக் கழுவி ஊற்றினாள். பஞ்சு தீர்ந்து, துணியைக் கிழித்துச் சுருட்டி வைத்தாள். தாடையில் கட்டும் ஒற்றைக் கண்ணில் நீருமாக பெஞ்சு நிறைய ஆட்கள். அவர்களில் ஒருவர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "இந்த அம்மா முதலைதானா அது?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் காலை மடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். அவள் கையில் பஞ்சோடு நின்றாள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

அன்றே அவள் துறைக்கு ஓடினாள்.

"சார், எனக்குக் காப்பு வேண்டாம். எடுத்துடுங்க."

"காப்பு என்ன போர்வையா, வேர்க்குதுன்னு உதறிப் போட?" ஆணையர் சிரித்தார். "உங்க ஆயுசு முழுக்க இருக்கும். நீங்க போனபிறகும் பல வருஷம் இருக்கும். செத்தாலும் விடமாட்டோம்மா, கவலைப்படாதீங்க."

"அப்ப எல்லாருக்கும் நான் அனுமதி குடுத்துடறேன். யார் வேணும்னாலும் வரையட்டும்."

"அனுமதி குடுக்கிற உரிமை படைப்பாளிக்குத்தான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா நீங்கதான் அதை எங்ககிட்ட ஒப்படைச்சுட்டீங்களே."

"நான் எப்ப ஒப்படைச்சேன்?"

"காப்பாத்துங்கன்னு வந்தீங்களே, அப்பவே."

அவள் விளக்க உதவியாளரைப் பார்த்தாள். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். ஒரு கன்னம் மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

படை அவள் வீட்டுக்கு வந்தபோது அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். படுக்கையறைச் சுவரில், மகள் படுக்கும் பக்கம், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒரு முதலை இருந்தது. கரித்துண்டால் வரைந்தது. கட்டு கழுத்துக்கு வந்துவிட்டது, ஆனாலும் முதலைதான். அது அங்கே இருப்பது பஞ்சக்காவுக்கே அப்போதுதான் தெரிந்தது. யார் போய்ச் சொன்னார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

"யாரு வரைஞ்சது?" என்றார் படைத்தலைவர்.

கணவர் பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அறை வாசலை மறித்தார். அதை அவரிடமிருந்து வாங்கி அதனாலேயே அவர் விலாவில் அடித்தார்கள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். மகள் சொல்வதற்காக வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றாள் பஞ்சக்கா. "நான்தான் வரைஞ்சேன். நீ சும்மா இருடி."

படைத்தலைவர் வருத்தப்பட்டார். அது நடிப்பில்லை. "இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா. ஒப்படைச்ச படைப்பை நீங்களே திருடலாமா? நகலெடுக்கப் பயன்பட்ட கருவியைச் செயலிழக்கச் செய்யணும்னு விதி இருக்கு."

"கரித்துண்டு அதோ கிடக்கு, எடுத்துக்கோங்க."

"கரித்துண்டு தானா வரையாதேம்மா."

குழந்தை பார்க்க வேண்டாம் என்று மகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினார். அந்தச் சுவரில் ஒருவர் முதலையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பஞ்சக்காவின் வலது கையைக் கதவிடுக்கில் வைத்தார்கள். "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படைத்தலைவரே கதவைச் சாத்தினார். பாதியில் நின்றதால் மறுபடி சாத்தினார். எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருந்த சத்தம் தன் வாயிலிருந்து வந்ததை அவள் கேட்டாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, "அம்மா, அம்மா, அம்மா" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் துறை ஓர் ஆழமான முடிவுக்கு வந்தது. அசல் இருப்பதால்தானே நகல் வருகிறது? சம்மட்டியோடு போய்ப் பல் டாக்டரின் சுவரை இடித்தார்கள். "அது என் சுவருய்யா! நான் ஆணையருக்கே பல்லு கட்டினவன்!" என்று டாக்டர் குறுக்கே விழுந்தார். சுவர் டாக்டருடையது, படம் அம்மாவுடையது என்று ஆணையர் எழுதிய தீர்ப்பைக் காட்டினார்கள். சுவரோடு சேர்த்து டாக்டருடைய இரண்டு முன்பற்களும் போயின. அவருக்குப் பஞ்சு வைக்க ஆளில்லை. பஞ்சக்காவின் கையில் தோள்வரை கட்டு.

இவ்வளவும் முடிந்தபிறகு துறை அவளுக்குப் பாராட்டு விழா எடுத்தது.

மண்டபம் நிறைய ஆட்கள். தானாக வந்தவர்கள் குறைவு. கையைத் தொங்கவிட்ட பைக்கடைக்காரர், தோளில் கட்டோடு லாரி டிரைவர், பல் போன பெரியவர், விலாவைப் பிடித்துக்கொண்டு கணவர், அவர் மடியில் மகள், எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து உட்காரவைத்திருந்தார்கள். கைதட்ட முடியாதவர்கள் காலைத் தட்டலாம் என்று அறிவிப்பு வந்தது.

ஆணையர் பேசினார்.

"சில பேர் கேக்கறாங்க, இந்தத் துறை படைப்பாளிக்கு என்ன செஞ்சுதுன்னு. நான் பதில் சொல்றேன். இன்னிக்கு இந்த அம்மாவோட முதலையை உலகத்துல யாராலயும் திருட முடியாது. ஏன்? அது எங்கேயுமே இல்லை! பையில இல்லை, தோளுல இல்லை, சுவருல இல்லை. இந்த அம்மா கையிலகூட இல்லை. இதுக்குப் பேருதான் பூரணக் காப்பு!" காலடிச் சத்தம் எழுந்தது. "இளம் படைப்பாளிகள் எங்கிட்ட வந்து, 'ஐயா, நாங்க என்ன வரையலாம்?'னு கேப்பாங்க. 'எதுக்குப்பா வரையறே?'ன்னுதான் நான் கேப்பேன். வரையாத படத்துக்குக் காவலே தேவையில்லை. எழுதாத புத்தகத்தை எவன் திருடுவான்? இந்த நாட்டுல ஒருத்தரும் ஒண்ணுமே படைக்காத நாள் வரும். அன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்குவேன்."

பிறகு கேடயம் கொடுத்தார். இடது கையால் வாங்கிக்கொண்டு அவள் திரும்பப் போனாள். போட்டோக்காரர், கைகுலுக்கினால் நன்றாக இருக்கும் என்றார். ஆணையர் அவளுடைய வலது கையை, கட்டோடு சேர்த்து, இறுக்கிப் பிடித்து, மேலும் கீழுமாக நான்கைந்து தரம் குலுக்கினார். "சிரிங்கம்மா" என்றார் போட்டோக்காரர்.

பஞ்சக்கா குனிந்து ஆணையரின் கையைக் கடித்தாள்.

கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதையில், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கும்வரை கடித்தாள். ஆணையர் மைக்குக்கு முன்னால் நின்றதால் அவர் கத்தியது தெருமுனைவரை கேட்டது. கேடயம் உருண்டு போயிற்று. அவள் விட்டபோது அவள் தாடையெல்லாம் ரத்தம். அதில் தன்னுடையது ஒரு சொட்டுகூட இல்லை என்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

"அடிங்கடா! கொல்லுங்கடா இவளை!"

படையினர் தடியை ஓங்கிக்கொண்டு மேடையில் ஏறினார்கள். படைத்தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார். குனிந்து காயத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"ஐயா, ஒரு சிக்கல். இதுக்கு முன்னாடி உங்களை யாராவது கடிச்சிருக்காங்களா?"

"இல்லடா முட்டாள்!"

"அப்ப இது அசல். சொந்த உழைப்பு, சொந்தப் பல்லு. கடிச்ச நிமிஷமே காப்பு வந்துடுச்சு."

"இது என் கைடா!"

"கை ஐயாவோடது. கடி அம்மாவோடது. சுவரு டாக்டரோடது, படம் அம்மாவோடதுன்னு நீங்கதானே தீர்ப்பு எழுதினீங்க." படைத்தலைவர் திரும்பி ஆணையிட்டார். "காவல் போடுங்கடா!"

படை ஆணையரைச் சுற்றி வளைத்து, அந்தக் கையை மேசைமேல் நீட்டிப் பிடித்துக்கொண்டது. யாரோ மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார்கள். அவர்களை ஒரு தள்ளுத் தள்ளி இறக்கினார்கள். மருந்து போட்டால் அசல் சிதையும். விளக்க உதவியாளர் மட்டும் பக்கத்தில் வந்து, பல் தடங்களை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வெளிப்பாடு நல்லா வந்திருக்கு" என்றார். அவர் பேசி யாரும் அதுவரை கேட்டதில்லை.

கீழே முன்வரிசையில் பைக்கடைக்காரர் எழுந்தார். தொங்கும் கையை மற்றொரு கையால் தாங்கியபடி படியேறினார். படையினரைத் தாண்டி நேராகப் பஞ்சக்காவிடம் வந்தார்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"சொல்லுங்க தம்பி."

"நீங்க கடிச்ச மாதிரியே நானும் ஒண்ணு... உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா."

பஞ்சக்கா அவரைப் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தாராளமா" என்றாள்.

"ஒப்படைக்காத படைப்பு, உரியவங்க அனுமதி" என்று படைத்தலைவர் சத்தமாக உறுதி செய்தார். "சட்டப்படி நகல். வழி விடுங்க."

பைக்கடைக்காரர் நிதானமாகக் கடித்தார். அடுத்து லாரி டிரைவர் வந்து கேட்டார், கிடைத்தது. கணவர் விலாவைப் பிடித்துக்கொண்டே ஏறி வந்து, வீட்டில் உப்புக் கேட்பதுபோல, "நான்?" என்றார். "உங்களுக்கில்லாமலா?" என்றாள். பல் போன பெரியவர், "எனக்குப் பல்லு இல்லையேம்மா. தழுவிச் செஞ்சுக்கலாமா? ஊன்றுகோலால" என்று கேட்டார். தழுவலுக்கும் அனுமதி கொடுத்தாள். அதற்குள் வரிசை மண்டப வாசலைத் தாண்டிவிட்டது. துறையின் வாசலில் அன்று பாட்டைப் பறிகொடுத்த அந்த நாணயமான மனிதரும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நின்றார். முன்பல்லில்லாத டாக்டர், கடைவாயால் முடியுமா என்று பார்க்கிறேன் என்றார். ஒவ்வொருவரும் முதலில் அவளிடம் வந்து கேட்டார்கள். கேட்காமல் ஒருவர்கூடக் கைவைக்கவில்லை. மேசைப் பக்கமிருந்து ஆணையரின் குரல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

கூட்டம் கரையும்போது படைத்தலைவர் வந்து அவள் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"அம்மா," என்றார் தணிந்த குரலில், "நானும் ரொம்ப வருஷமா அவர்கிட்ட வேலை பாக்கறேன். எனக்கும் ஒரே ஒரு தடவை..."

பஞ்சக்கா தன் வலது கைக் கட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"உனக்கு இல்லை" என்றாள்.

அவர் சட்டத்தை மதிக்கிறவர். தொப்பியை மாட்டி, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, வரிசையை விட்டு விலகி நின்றுகொண்டார். ஆணையர் கத்தக் கத்த, அவர் எச்சிலை விழுங்கி விழுங்கி நின்றது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.